எட்டு சொல்லாத ஜேம்ஸ்

கொண்டாப்பூர், ஹைதராபாத்
12 ஜூலை 2010

அன்புள்ள மதினிக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். பிப்ரவரியிலிருந்து பதினொரு முறை ஆயிற்று. கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா? முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீசில் இருந்த அக்கா, வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கமாட்டாள் என்று உங்கள் தம்பிதான் யோசனை சொன்னார். "நான் சொன்னேன்னு மட்டும் எழுதிராத" என்றும் சொன்னார். எழுதிவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனா அங்கேதான் போகிறது. எங்கள் குளியலறையில் நீங்கள் வழுக்கி விழுந்தீர்கள். நான் தூக்கப் பார்த்து, முடியாமல், உங்கள் மேலேயே விழுந்தேன். அரை மணி நேரம் கழித்து வாட்ச்மேன் யாதகிரி, மரியாதைக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே வந்தான். மூடிய கண்ணோடு முதலில் வாளியைத்தான் தூக்கினான். அந்த இடத்தில் நான் சிரித்தேன். மறுநாளே நீங்கள் ரயில் ஏறிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு மத்தியானம் கண்ணசந்தால் அந்தக் குளியலறைதான். தரை தண்ணீராகிவிடுகிறது. நீங்கள் மூக்குக்கண்ணாடியோடு, யாரையோ கண்டிக்கிற முகத்தோடு, நிதானமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறீர்கள். நான் பிடித்து இழுத்தால் கையோடு துண்டுதான் வருகிறது.

அதனால் ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தேழு வயதில், பெண் பார்க்க வந்த அன்று "ஊதினா பறந்துருவா போலயே" என்று உங்கள் வாயாலேயே பட்டம் வாங்கியவள், எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே பேக்கரிக்கு மேல்மாடியில் எடை தூக்குகிறேன். தனியாக அல்ல. காலை பதினொரு மணிக்குப் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு. பத்துப் பேர் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்கிறோம். கீழே பன் வேகிற வாசனை.

சொல்லித்தருகிறவர் ஜேம்ஸ். நாலு தலைமுறையாக சிகந்தராபாத். அவர் தமிழில் உருது, தெலுங்கு எல்லாம் சவாரி செய்யும். முதல் நாள் இரும்பையே தொடவிடவில்லை. "கீழ உக்காருங்கோ ஆன்ட்டி. இப்போ எழுந்திருங்கோ. கை நக்கோ, வேணாம்! கை ஊனாம!" என்றார். எப்படி எழுந்தேன் என்கிறீர்கள்? இரண்டு கை, ஒரு முட்டி, பக்கத்தில் நின்ற நஸ்ரினின் தோள், முருகன் பெயர். நஸ்ரின் ஆம்பூர்க்காரி. மத்தியான ஷிப்டில் சாப்ட்வேரைச் சோதிக்கிற வேலை. "ஆன்ட்டி, என் தோளு வேலைக்கு வேணும், விட்டுடுங்க" என்றாள்.

வழக்கம்போல டிசம்பரில் வருவீர்களா? உங்கள் தம்பி கேட்கமாட்டார். நான் கேட்கிறேன்.

லலிதா

*

பாளையங்கோட்டை
19 ஜூலை 2010

லலிதாவுக்கு,

உன் 12-ஆம் தேதிக் கடிதம் 17-ஆம் தேதி கிடைத்தது. பின்கோடு தவறு. கடைசி எண் இரண்டு, ஏழு அல்ல. என் முகம் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலையில் இருப்பதால் வந்து சேர்ந்தது. உறைக்கு இவ்வளவு பசை தேவையில்லை. கத்திரிக்கோல் வைத்துத்தான் திறந்தேன்.

பதில் போடுவது கடமை என்பதால் போடுகிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

பணம் கட்டி எடை தூக்குகிறவளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் ஆபீசில் அய்யாக்கண்ணு முப்பது கிலோ தபால் பையை முதுகில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். அவருக்கு யாரும் சுவரில் நிலைக்கண்ணாடி மாட்டிக் காட்டவில்லை. கை தட்டவும் இல்லை.

எனக்குக் கனவுகள் வருவதில்லை.

ஒரு திருத்தம். யாதகிரி வாளியைத் தூக்கியபோது சிரித்ததாக எழுதியிருக்கிறாய். அது இரண்டாவது சிரிப்பு. முதல் சிரிப்பு, நான் விழுந்த உடனே. நான் தரையில் கிடக்கிறேன், நீ வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். அதை நான் மறக்கவில்லை. டிசம்பரைப் பற்றி டிசம்பரில் பார்க்கலாம்.

எதிர்வீட்டு அம்மாள் ஒன்று கேட்கச் சொன்னாள். அந்தப் பத்துப் பேரில் கை ஊனாமல் எழுந்தவர்கள் எத்தனை பேர்?

மங்களம்

*

கொண்டாப்பூர்
9 ஆகஸ்ட் 2010

அன்புள்ள மதினிக்கு,

பின்கோடு சரியாகப் போட்டிருக்கிறேன். பசையும் குறைவு. வழியில் பிரிந்து பாதிக் கடிதம் நாக்பூர் போனால் நான் பொறுப்பல்ல.

எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லுங்கள்: மூன்று பேர். மூவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. மற்ற எல்லாரும் என்னைப்போல அவரவர் தெய்வத்தைக் கூப்பிட்டுத்தான் எழுந்தோம்.

முதல் சில வாரம் வெறும் ராடு. இந்த வாரம்தான் இரண்டு பக்கமும் தோசைக்கல் மாதிரி இரும்பு மாட்டினார்கள். அடுத்த நாள் வலிக்கும் என்றார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. லிப்ட் ரிப்பேர். மாடிப்படியைப் பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கினேன். நம் ஹர்ஷிதா பெற்ற அம்மாவையே தெரியாதவள் மாதிரி முன்னாலே போய்விட்டாள். தமிழில் "ஏட்டி, நில்லு" என்று கூப்பிட்டேன். தெலுங்கில் பதில் வந்தது. பிள்ளைக்கு வெட்கம் வந்தால் தெலுங்கு. கோபம் வந்தால் இங்கிலீஷ்.

ஜேம்ஸிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பத்து முறை என்பார். ஒன்று, இரண்டு என்று அவர்தான் எண்ணுவார். யாராவது முதுகை வளைத்தால், முட்டியை உள்ளே விட்டால், எண் நகராது. "ஏழு... ஏழு... லலிதா ஆன்ட்டி, முதுகு... ஏழு..." என்று அங்கேயே நிற்பார். ஒழுங்காகச் செய்த பிறகுதான் எட்டு. என் புண்ணியத்தில் பத்துப் பேரும் பன்னிரண்டு, பதின்மூன்று முறை தூக்குகிறார்கள். அது மட்டுமல்ல, கடைசி ஆள் முடிக்கும்வரை முடித்தவர்கள் யாரும் இரும்பைக் கீழே வைக்கக்கூடாது. கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கடைசி ஆள் எப்போதும் நான். ஒன்பது பெண்கள் இரும்பும் கையுமாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் கல்யாணத்தில்கூட இத்தனை பேர் என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு நேரம் வருகிறது, மதினி. யாரும் தப்புச் செய்யாத ஒரு நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே தூறல். பாதி கட்டிய மாடிகளுக்கு மேலே கிரேன்கள் மேகத்துக்குள் கழுத்தை விட்டுக்கொண்டு ஏதோ தேடுகின்றன. உள்ளே கண்ணாடியில் பத்துப் பேரும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறவர்கள் மாதிரி மெல்லக் குனிந்து மெல்ல எழுகிறோம். யார் கை எது என்று தெரிவதில்லை. எண்ணுகிற குரல் எங்கோ கரையிலிருந்து வருகிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் அதே அசைவில் தூக்கம் வருகிறது. போன வாரக் கனவில் துண்டோடு உங்கள் கையும் வந்தது.

முதல் சிரிப்பைப் பற்றி எழுத இரண்டு தாள் கிழித்துவிட்டேன். இன்னொரு நாள்.

லலிதா

*

பாளையங்கோட்டை
17 ஆகஸ்ட் 2010

லலிதாவுக்கு,

9-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. பின்கோடு சரி.

முதுகை வளைத்துப் பையைத் தூக்காதே, முட்டியை மடக்கு என்று நான் எண்பத்தொன்றிலேயே அய்யாக்கண்ணுவிடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல உனக்கு சிகந்தராபாத்திலிருந்து ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. எண்ணை நகர்த்தாமல் நிற்கிற பழக்கம் மட்டும் சரியானது. எங்கள் துறையிலும் கணக்கு நேராகும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

எதிர்வீட்டு அம்மாளுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முட்டியும் மழைக்காலத்தில் பேசும். மூன்று வருஷமாகத் தரையில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயம். கோயிலில்கூட நின்றே கும்பிட்டுவிட்டு வருகிறாள். தரையிலிருந்து எழும்போது எந்தக் கால் முதலில், கையை எங்கே வைப்பது என்று அந்த ஜேம்ஸைக் கேட்டு எழுது. அவள் தொல்லை தாங்கவில்லை. மற்றபடி எனக்கு இதில் அக்கறை இல்லை.

தம்பி இளைத்துவிட்டதாகக் குரலில் தெரிகிறது. எடை தூக்கியது போக நேரமிருந்தால் சமையலும் செய்.

மங்களம்

*

கொண்டாப்பூர்
2 செப்டம்பர் 2010

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் தம்பி இளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேசும்போது மட்டும் இளைத்த குரலில் பேசுகிறார்.

வகுப்பு முடிந்ததும் எதிர்வீட்டு அம்மாளைப் பற்றி ஜேம்ஸிடம் கேட்டேன். "ஹவ், ஆமா ஆன்ட்டி, இது நம்ம நானி, பாட்டிக்கும் நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்று உடனே தானே தரையில் விழுந்து கிடந்தார். நஸ்ரின் குறிப்பெடுத்தாள்.

முதலில் அவசரப்படக் கூடாது. விழுந்த இடத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டு, எங்கே வலி என்று பார்க்க வேண்டும். பிறகு ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, மெல்லக் கைகளும் முட்டிகளுமாகக் குழந்தை மாதிரி ஆக வேண்டும். அப்படியே தவழ்ந்து, ஆடாத ஒரு நாற்காலியோ ஸ்டூலோ இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அதன்மேல் இரண்டு கை. வலுவான கால் எதுவோ, அதன் பாதத்தை முன்னால் ஊன்ற வேண்டும். மூச்சை விட்டபடி, கையாலும் அந்தக் காலாலும் தள்ளி எழுந்து, திரும்பி, அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட வேண்டும். உடனே நிற்கக் கூடாது. முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில், யாராவது கூட இருக்கும்போது பழகச் சொன்னார். அதற்கு முன்னால் டாக்டரிடம் முட்டியைக் காட்டிக்கொள்ளவும் சொன்னார்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு என் அன்பு. அவர்கள் பிடிவாதக்காரர் என்று கேள்வி. பிடிவாதக்காரர்களுக்கு இது சீக்கிரம் வரும் என்கிறார் ஜேம்ஸ்.

நான் இப்போது நாற்பது கிலோ! டெட்லிஃப்ட் என்று பெயர். தரையில் கிடப்பதை நின்று தூக்குவது. நேற்றுக் கனவில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறைகள் வந்தன. இங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், பார்த்திருக்கிறீர்களே. அவை ஒவ்வொன்றாக எழுந்து காற்றில் நின்றன. நடுவில் ஒன்று மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. நான் ஒரு விரலால்தான் தாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்று கேட்பேன், கோபிக்கக் கூடாது. எதிர்வீட்டு அம்மாள் எத்தனை கிலோ இருப்பார்கள்? எழுபத்தெட்டு என்று நானாக வைத்திருக்கிறேன்.

லலிதா

*

பாளையங்கோட்டை
14 செப்டம்பர் 2010

லலிதாவுக்கு,

எதிர்வீட்டு அம்மாள் பார்சல் அல்ல, எடை போட்டு ஒட்டுவதற்கு.

நான் முட்டாள் இல்லை. நாற்பது, பிறகு ஐம்பது, பிறகு அறுபது. எதை நோக்கிப் போகிறாய் என்று இப்போது தெரிகிறது. அங்கே பத்துப் பெண்கள் நடுவில் நின்று நீ தூக்கிப் பழகுகிற இரும்பு நான். அடுத்த முறை நான் விழுவேன் என்று தயாராகிறாய். வகுப்பில் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? "எங்க நாத்தனா விழுவாவ, தூக்கணும்" என்றா?

ஐந்து வயதில் தாயை இழந்த தம்பியை இடுப்பில் சுமந்தவள் நான். என்னை யாரும் சுமக்கப் பயிற்சி எடுக்க வேண்டாம். டிசம்பரில் வரவில்லை. இந்த வருஷம் மட்டும் என்று நினைக்காதே.

மங்களம்

*

கொண்டாப்பூர்
1 அக்டோபர் 2010

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தம்பியிடம் காட்டவில்லை. அவர் டிசம்பருக்காக உங்கள் அறைக்கு வெளிர்நீலப் பெயிண்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார். குளியலறையில் சொரசொரப்பான கல் மாற்றி, சுவரில் பிடிக்கக் கம்பியும் போட்டாயிற்று. அவராகச் செய்தார்.

வகுப்பில் யாரிடமும் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொன்னேன்.

முதல் சிரிப்பு. நீங்கள் சொன்னது சரி. நீங்கள் விழுந்த உடனே சிரித்தேன். எங்கள் அப்பாவை ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி போட்டு மூடியபோதும் சிரித்தேன். அம்மா எல்லார் முன்னாலும் அறைந்தாள். ரொம்பப் பயந்தால் எனக்கு அழுகை வராது, மதினி. இதுதான் வரும். ஊருக்கே வேடிக்கை காட்டுகிற வாய். வேண்டாத நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அன்று நீங்கள் கண் திறக்காமல் கிடந்தது மூன்று நொடிதான் இருக்கும். அந்த மூன்று நொடியில் உங்கள் தம்பியிடம் என்ன சொல்லப்போகிறேன் என்பதுவரை நினைத்துவிட்டேன்.

நேற்று அறுபது கிலோ தூக்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. நஸ்ரின் காதருகே வந்து, "யாரு மேல கோவம் ஆன்ட்டி?" என்றாள். "என் மேலதான்" என்றேன். "அப்ப சரி, எறக்கிடுங்க" என்றாள். இறக்கவில்லை. இந்த முறை கடைசி ஆள் நான் அல்ல; அவர் இன்னும் முடிக்கவில்லை அல்லவா?

இப்போதெல்லாம் கனவு வருவதில்லை. வெறும் தூக்கம். வெளிர்நீலமாக இருக்கிறது.

லலிதா

*

கொண்டாப்பூர்
8 நவம்பர் 2010

அன்புள்ள மதினிக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. கடமைக்குக்கூட இல்லை. தீபாவளிக்குத் தம்பியிடம் "நல்லாயிருக்கேன்" என்றீர்களாம். எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பின்கோடு தப்பு என்று மட்டும் எழுதினாலும் போதும்.

லலிதா

*

பாளையங்கோட்டை
15 நவம்பர் 2010

லலிதாவுக்கு,

உன் அக்டோபர் 1-ஆம் தேதிக் கடிதமும் இந்த மாதம் 8-ஆம் தேதிக் கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் தாமதமான ஒரே தபால் இதுதான்.

சில விஷயங்களை நேராக்க வேண்டும். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த அம்மாள் மகனோடு கோயம்புத்தூர் போய் ஒரு வருஷமாகிறது. உனக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும்.

உன் செப்டம்பர் 2-ஆம் தேதிக் கடிதத்தின் மூன்றாம் பத்தியைத் தனியாக நகல் எடுத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். டாக்டரிடம் போனேன். பால்காரி அமலியைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஆபீசில் விடைபெறும்போது எனக்குக் கொடுத்த தேக்கு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முதல் நாள் ஒரு முறை எழுந்தேன். அமலி, "எக்கா, எதுக்கு இந்த வேல?" என்று அழுதேவிட்டாள். இரண்டு மாதத்தில் ஏழு முறைவரை வந்தேன். எட்டாவது ஒழுங்காக வரவில்லை. ஒழுங்காக வராததை எண்ணுவது எனக்கும் பிடிக்காது.

கந்த சஷ்டி அன்று, வியாழக்கிழமை, தெருவே சூரசம்காரம் பார்க்கத் திருச்செந்தூர் போயிருந்தது. அமலியும் போய்விட்டாள். மத்தியானம் அடுப்படியில் எண்ணெய் சிந்தியிருந்ததைப் பார்க்கவில்லை. விழுந்தேன். கதவு உள்ளே தாழ். போன் கூடத்தில். கூப்பிட்டால் கேட்க ஒரு காக்கை மட்டும் இருந்தது.

அப்போது நான் சிரித்தேன், லலிதா. வாய்விட்டு. யார் குரல் இது என்று எனக்கே தெரியவில்லை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கிய பிறகுதான் கை நடுங்குவது தெரிந்தது. அன்று வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாயே, அந்தக் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். நான் உன் வாயை மட்டும் பார்த்துவிட்டேன்.

உன்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி உன்மேல் இல்லை. அந்த அரை மணி நேரம் உங்கள் தரையில் கிடந்தபோது, இதே போல என் வீட்டில் விழுந்தால் யார் வருவார் என்று யோசித்தேன். அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. உன்னைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

மூச்சு விட்டேன். வலி இடது முழங்கையில் மட்டும். ஒருக்களித்தேன். தவழ்ந்தேன். அடுப்படியிலிருந்து ஸ்டூல்வரை பதினாலு அடி. வழியில் வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது. அதன் நடுவில் சற்று நேரம் அப்படியே இருந்தேன். தரை வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. யாரோ எண்ணுகிற மாதிரி இருந்தது. கனவு என்பது இப்படித்தான் இருக்கும் போல.

எழுந்துவிட்டேன். உட்கார்ந்தேன். உடனே நிற்கவில்லை.

காலையில் ஏழு முடித்திருந்தேன். ஆகவே மத்தியானத்தது எட்டு. நடுவில் ஒருமுறை சுவரையும் பிடித்தேன். அப்படியும் எட்டு சொல்லலாமா என்று ஜேம்ஸிடம் கேட்டு வை. சொல்ல முடியாதென்றால் அங்கே வந்து அவர் முன்னாலேயே செய்து காட்டுகிறேன்.

டிசம்பர் 10-ஆம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸ். மறுநாள் மாலை சென்னையில் சார்மினார் எக்ஸ்பிரஸ். 12-ஆம் தேதி காலை சிகந்தராபாத். தம்பியிடம் சொல், வெளிர்நீலம் சரி. என் எடை எழுபத்தொன்றரை. எழுபத்தெட்டு அல்ல. டாக்டர் வீட்டு எந்திரத்தில் இரண்டு முறை பார்த்தது. இதை வகுப்பிலும் திருத்திச் சொல்லிவிடு.

பெட்டியில் முறுக்கு, அல்வா, ஊறுகாய் ஜாடி. இருபத்திரண்டு கிலோ வரும். அதை நீ தூக்கு. நான் படியில் இறங்கும்போது தொட வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும். நான் பிளாட்பாரத்தில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்வரை பெட்டியைக் கீழே வைக்காதே.

அப்போது சிரிப்பு வந்தால் சிரி.

மங்களம்